முதல் நரம்பு

மறுபடி வருகிறது. கருகல். ரப்பரா துணியா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் மூக்கின் மேல்கோடியில் போய் ஒட்டிக்கொள்கிற கருகல், வந்தது, இப்போது இல்லை, இல்லையா, இருக்கிறதா, மூச்சை இழுத்துப் பார்க்காதே கோகிலா, இழுத்தால் இல்லாததும் வரும், புத்தகத்தைப் பார். திங்கட்கிழமை வைவா. மனநல மருத்துவம் படிக்க வந்தவளை மூன்று வருஷம் மனிதர்களோடு பேசப் பழக்கிவிட்டுக் கடைசியில் ஒரு தட்டில் மூளைத்துண்டை வைத்து, அதில் குண்டூசி ஒன்றைக் குத்தி, இது என்ன என்று கேட்கப்போகிறார்கள். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளரைப் பற்றி சீனியர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள், கோபப்படமாட்டார், சிரிப்பார், சிரித்துக்கொண்டே "முதல்ல இருந்து ஆரம்பிம்மா, முதல் நரம்பு" என்பார். முதல் நரம்பு வாசனைக்கானது. மண்டையிலிருந்து கிளம்பும் நரம்புகளில் அதுதான் தலைச்சன். மூக்கின் கூரையில் சல்லடை போல ஓட்டை விழுந்த எலும்பு, ஓட்டைகளின் வழியாக மேலே ஏறும் இழைகள், மேலே ஒரு குமிழ், குமிழிலிருந்து ஒரு தண்டு, தண்டு போய்ச் சேருவது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மடலில், அங்கே கொக்கி மாதிரி வளைந்த ஒரு சின்ன மேடு, அதன் பெயர் அங்கஸ். அதை ஒட்டியே அமிக்டலா, பயம் குடியிருக்கும் இடம். அதற்குப் பின்னால் ஹிப்போகாம்பஸ், ஞாபகம் பதியும் இடம். வாசனையும் பயமும் ஞாபகமும் ஒரே காம்பவுண்டுக்குள். பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் தலாமஸ் என்கிற வாசலில் நின்று பேர் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக முடியும், வாசனை மட்டும் யாரையும் கேட்காமல் புறவாசல் வழியாக நுழைந்துவிடும். எவ்வளவு அழகாகச் சொல்கிறேன். இதையே திங்கட்கிழமை சொல்லிவிட்டால் போதும். ஆனால் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததிலிருந்து இதற்கு அடுத்த வரியில்தான் வண்டி நிற்கிறது. அந்தக் கொக்கியில் கோளாறு வந்தால், எங்கும் எதுவும் எரியாமலே, கருகல் வாசனை வரும். இந்த வரிக்கு அடியில் நானே மஞ்சள் மையால் கோடு போட்டிருக்கிறேன். மேஜைமேல் இருக்கும் பிளாஸ்டிக் மூளையை ஒரு சீனியரிடமிருந்து வாங்கினேன், துண்டு துண்டாகக் கழற்றி மாட்டலாம், அதில் பொட்டு மடலின் காந்தம் மட்டும் தளர்ந்துபோய் மின்விசிறிக் காற்றுக்கே கழன்று விழுகிறது. இப்போதும் விழுந்து கிடக்கிறது. எடுத்து மாட்டுகிறேன்.

பயப்பட ஒன்றும் இல்லை. மருத்துவம் படிப்பவர்களுக்கு வருகிற வழக்கமான வியாதி இது, எந்த அத்தியாயம் நடக்கிறதோ அந்த நோய். இதயம் படித்தபோது என் நெஞ்சு படபடத்தது, ரத்தம் படித்தபோது விடுதியில் பாதிப்பேர் கழுத்தைத் தடவிக் கட்டி தேடிக்கொண்டிருந்தோம். சிரிப்பு வருகிறது. வந்த சிரிப்பு நடுவில் நின்றுவிடுகிறது, ஏனென்றால் அப்போதெல்லாம் படித்த பிறகு வந்தது, இன்றைக்கு அந்தப் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே வந்துவிட்டது. முன்பா? பின்பா? அம்மா கதவருகே வந்து நின்றாளே, அதற்கு முன்பா பின்பா? அம்மா சாப்பிட்டுக் கைகழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நின்று ஏதோ கேட்டாள். நான் ஞாபகத்தின் சுற்றுப்பாதையில் இருந்தேன். ஹிப்போகாம்பஸில் கிளம்பி, ஃபார்னிக்ஸ் வளைவில் ஏறி, மேமிலரி மேட்டில் இறங்கி, தலாமஸின் முன்பக்கம், அங்கிருந்து சிங்குலேட், திரும்ப ஹிப்போகாம்பஸ், கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும் டவுன் பஸ் மாதிரி. நான் சிங்குலேட்டில் இருந்தபோது அம்மா கேட்டாள். "உம்" என்றேன். "உம்மா வேண்டாமா, சரியாச் சொல்லு கண்ணு" என்றாள். "உம், உம்" என்றேன். போய்விட்டாள். என் படிப்பின்மேல் அவளுக்கு இருக்கும் மரியாதை எனக்கே கிடையாது. நான் புத்தகத்தைத் திறந்தால் டிவியை ஊமையாக்கிவிட்டு வாயசைவைப் பார்த்து சீரியல் புரிந்துகொள்வாள். வசந்தாமணி டீச்சர் என்று ஊரில் கூப்பிடுவார்கள், டீச்சர் இல்லை, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், ஆனால் அந்தக் கூடத்தில் அவள் மூக்குக்கு ஹெட்மாஸ்டரே கட்டுப்பட்டவர். அண்டா மூடியைத் திறக்காமலே "பருப்பு அடி புடிக்குதுடி, எறக்கு" என்பாள். அந்த மூக்கு கொரோனாக் காய்ச்சலில் போனது, போனதுதான். காப்பி வெறும் வெந்நீர் மாதிரி இருக்குது என்று முதல் மாதம் அழுதாள், பிறகு அழுவதையும் விட்டுவிட்டாள். மூக்குக்குப் பிறகு சர்க்கரை வியாதி, சர்க்கரையால் கால். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை, அதனால் சர்க்கரை அவற்றைத்தான் முதலில் தின்னும், காலுறை போட்ட மாதிரி கணுக்கால்வரை மரத்துப்போகும், இதுவும் கேட்பார்கள், இதுவும் எனக்குத் தெரியும். போன பொங்கலுக்குக் கோலம் போட்டுவிட்டு வீடு முழுக்க நடந்தாள், மொசைக் தரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருப்பதைப் பார்த்து "யாரு கண்ணு செம்மண்ண மிதிச்சுட்டு வந்தது" என்று என்னைத் திட்டினாள். அவள் குதிகாலில் ஒரு ஆணி. ஆணியைப் பிடுங்கும்போது நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த மார்கழிக் குளிரில் தினமும் ஒரு பல்லவி, காலு சில்லுனு இருக்குது கண்ணு, காலு சில்லுனு இருக்குது. இடுப்புவலிக்கு நான் வாங்கிக் கொடுத்த ஹீட்டிங் பேட் பீரோமேல் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, டாக்டர் சொல்லாமல் தொடமாட்டாள், டாக்டர் என்றால் நான். அம்மா என்ன கேட்டாள்?

வருகிறது. இந்த முறை கொஞ்சம் இனிப்பாக, பிளாஸ்டிக் உருகுவது மாதிரி. என் நோயாளி சென்னியப்பன் டயர் என்றார். பொள்ளாச்சி ரூட்டில் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர், விசிலை வாயில் வைத்தபடியே பேசக்கூடியவர், வார்டில்கூட படுக்கைகளுக்கு நடுவில் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். "டயரு எரியற வாசம் வருதுங்க, நானும் மூணு தடவ வண்டிய நிறுத்திப் பாத்துட்டனுங்க, டிரைவர் அண்ணன் கையெடுத்துக் கும்புடறாருங்க, போதும் சாமி, எறங்கிக்கன்னு." டயர் எரியவில்லை. வாசனை வரும், வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும், ஒரு நொடி பயம் கவ்வும், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி டிக்கெட் கிழிப்பார். மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் எங்களிடம் கூட்டிவந்தார்கள். நான்தான் முதலில் பேசினேன், நான்தான் ஸ்கேன் வேண்டும் என்று நின்றேன், பொட்டு மடலின் உட்பக்கம், சரியாக அந்தக் கொக்கியில், நெல்லிக்காய் அளவில் வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. வாரக் கூட்டத்தில் அந்தப் படத்தைத் திரையில் போட்டு நான் பேசியபோது சீஃப் எழுந்து நின்று கைதட்டினார். எனக்கு எவ்வளவு சந்தோஷம். அந்த ராத்திரி அம்மாவுக்கு ஜிலேபி வாங்கிப் போனேன், வாசனை தெரியாவிட்டாலும் இனிப்பு தெரியும் அல்லவா. ஆபரேஷனுக்குப் பிறகு சென்னியப்பனுக்குக் கருகல் வாசனை நின்றுபோனது. கூடவே பெயர்கள் நின்றுபோயின. மனைவியைப் பார்த்துச் சிரிப்பார், கையைப் பிடித்துக்கொள்வார், "இவுங்க... இவுங்க..." என்று என்னைப் பார்ப்பார், நான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது போல. பொள்ளாச்சி ரூட்டில் ஒரு நிறுத்தத்தின் பெயர்கூட வரவில்லை. பெயர்கள். என்னிடம் இருப்பதெல்லாம் பெயர்கள்தானே, மேட்டுக்கு ஒரு பெயர், பள்ளத்துக்கு ஒரு பெயர், அது போனால் நான் யார்? அவர் முதல் நாள் என்னிடம் கேட்டதுதான் இப்போது காதுக்குள் நிற்கிறது. என் மேஜையை முகர்ந்து, சன்னலை முகர்ந்து, பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, "உங்களுக்கு வரலீங்களா டாக்டரம்மா? நெசமாவே வரலீங்களா?" வருதுங்க சென்னியப்பன். இப்ப வருதுங்க.

சரி, ஒழுங்காக யோசி, நீ டாக்டர். முதலில் வெளியே இருப்பதைத் தேடு, பிறகு உள்ளே இருப்பதை. தேடினேன். அடுப்படிக்குப் போனேன், அடுப்பு அணைந்திருக்கிறது, குமிழைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், ரசச் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கிறது. லேப்டாப் சார்ஜரைத் தொட்டேன், வெதுவெதுப்புதான். பிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தேன், தூசி. பால்கனியில் நின்று தெருவைப் பார்த்தேன், யாரும் சருகு கொளுத்தவில்லை, எதிர் காலி மனையில் ஒரு எருமை என்னைப் பார்த்தது. ஆக பால்கனியில் வாசனை இல்லை, அடுப்படியில் இல்லை, என் மேஜைக்குத் திரும்பினால் மட்டும் வருகிறது. நான் உட்கார்ந்து படிக்கிற இடத்தில் மட்டும் வருகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? மேஜை சுவரோரம், சுவருக்கு அந்தப்பக்கம் அம்மாவின் அறை, கதவு சாத்தியிருக்கிறது, சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருப்பாள். அங்கே மட்டும் பார்க்கவில்லை. பார்க்கலாம். எழுந்தேன், கதவுப்பிடிவரை கை போனது, திரும்பிவிட்டேன். தூங்கட்டும், ராத்திரியெல்லாம் கால் சில்லென்கிறது என்று புரண்டுகொண்டிருந்தாள். பொய். பொய் சொல்லாதே கோகிலா, உனக்கு நீயே கேஸ்ஷீட் எழுதினால் என்ன எழுதுவாய்? வீட்டில் பார்க்காமல் மிச்சம் இருப்பது அந்த ஒரு அறைதான். அங்கேயும் ஒன்றும் எரியவில்லை என்றால் பிறகு தேட இடமில்லை, பிறகு இருப்பது ஒரே இடம், என் தலை. கதவு சாத்தியிருக்கும்வரை எனக்கு ஒரு அறை பாக்கி இருக்கிறது. அந்தப் பாக்கியை வைத்துக்கொண்டு திங்கட்கிழமைவரை ஓட்டிவிடலாம் என்று பார்க்கிறேன். எவ்வளவு கேவலமான கணக்கு. இதையே ஒரு நோயாளி சொன்னால் எவ்வளவு பொறுமையாகத் தலையாட்டியிருப்பேன்.

மின்விசிறி நிற்கிறது. கரண்ட் போய்விட்டது. அறை சட்டென்று காது அடைத்த மாதிரி ஆகிறது, பிளாஸ்டிக் மூளை அசையாமல் இருக்கிறது, வியர்க்கிறது. வாசனை? கொஞ்சம், கொஞ்சம் குறைவாக, இப்போது இன்னும் குறைவாக, இல்லை. இல்லை! இழுத்து மூச்சு விடுகிறேன், புத்தகத்தின் காகித வாசனை, என் தலையில் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். அழுகை வருகிற மாதிரி இருக்கிறது. ஃபார்னிக்ஸ், மேமிலரி, தலாமஸ், சரளமாகப் போகிறது, எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஒரு முழுச் சுற்று போய் வந்துவிட்டேன். சூடும் வலியும் போகிற பாதையையும் பார்த்துவிடலாம். பாதத்தில் தொடங்கி, முதுகுத்தண்டுக்குள் நுழைந்ததும் எதிர்ப்பக்கத்துக்குத் தாவி, மேலே ஏறி, தலாமஸ் வாசலில் பேர் சொல்லி, பிறகுதான் மேலே போய் "சுடுகிறது" என்று ஆகும். வழியில் எங்கே அறுந்தாலும் சுடுவது சுட்டுக்கொண்டுதான் இருக்கும், தெரியாது, அவ்வளவுதான். நல்ல வரி, வைவாவில் சொல்லலாம். விசிறி சுற்றத் தொடங்குகிறது. கரண்ட் வந்துவிட்டது, பிரிட்ஜ் ஒரு உதறு உதறிவிட்டு உறுமுகிறது, கீழ்வீட்டில் யாரோ "வந்துருச்சு" என்று கத்துகிறார்கள், எல்லோருக்கும் என்ன ஒரு கொண்டாட்டம். நான் மூச்சை மெதுவாக விடுகிறேன், மெதுவாக எடுக்கிறேன், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பக்கத்தைத் திருப்புகிறேன், இன்னொரு பக்கம், ஒன்றுமில்லை, பிறகு அது வருகிறது. முன்னைவிடக் கனமாக. தொண்டைவரை. வந்தது, போனது, மறுபடி வந்தது. விட்டு விட்டு வருகிறது. உண்மையான தீ விட்டு விட்டு எரியுமா? விட்டு விட்டு வருவதுதானே அதன் லட்சணம், சென்னியப்பனுக்கும் அப்படித்தானே, வந்து போகும், இடையில் சுத்தமாக இருக்கும், புத்தகத்தில் மஞ்சள் மைக்கு இரண்டு வரி கீழே அப்படித்தானே போட்டிருக்கிறது. பொட்டு மடல் டக்கென்று கழன்று மேஜையில் விழுகிறது. எடுத்து மாட்டவில்லை.

காலிங்பெல். ஒரு நிமிஷம் அதுவும் என் தலைக்குள் அடிக்கிறது என்று நினைத்து உட்கார்ந்தே இருக்கிறேன். மறுபடி அடிக்கிறது. தண்ணீர் கேன் போடுகிறவர், தோளில் ஒன்று, கையில் ஒன்று, மாடிப்படி ஏறிய மூச்சிரைப்பு. காலி கேனை எடுத்துக் கொடுக்கிறேன். கேட்கலாமா? நாலு வருஷமாக இந்த வீட்டுக்கு வருகிறவர், என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டுத் தன் மூட்டுவலிக்கு மாத்திரை கேட்பவர். "அண்ணா, ஏதாச்சும் கருகற வாசம் வருதுங்களா?" குரல் என்னுடையதாக இல்லை. அவர் நின்று மூக்கை உறிஞ்சுகிறார், வாயில் அதக்கிய பாக்கை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு இன்னொரு தடவை உறிஞ்சுகிறார், படிக்கட்டுக் காற்று அவர் முதுகுப்பக்கமிருந்து உள்ளே வீசிக்கொண்டிருக்கிறது, நானும் அவர் முகத்தையே பார்க்கிறேன், தீர்ப்புச் சொல்லப்போகிறவரைப் பார்ப்பது போல. "ஒண்ணும் வரலீங்களே டாக்டரம்மா." "நல்லாப் பாருங்கண்ணா." "இல்லீங்க. உங்களுக்கு வருதுங்களா?" அந்தக் கேள்வி. அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு என்னிடம் கேட்கிறார். "இல்லீங்கண்ணா, சும்மாதான்" என்று கதவைச் சாத்துகிறேன், சாத்திய கதவில் முதுகைச் சாய்த்துக்கொள்கிறேன். அவருக்கு வரவில்லை. எனக்கு வருகிறது. இருபத்தொன்பது வயசு. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அம்மாவுக்கு எதுவும் தெரியாமல் ஸ்கேன் எடுத்துவிடலாம், எங்கே, எங்கள் ஆஸ்பத்திரியில் எடுத்தால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரியும், சீஃப் என் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், வேறு எவளாவது ஒரு ஜூனியர் அதைத் திரையில் போட்டுப் பேசுவாள், கைதட்டுவார்கள். ஆபரேஷன் முடிந்து அம்மா கட்டிலருகே நிற்பாள். நான் அவளைப் பார்த்துச் சிரிப்பேன். இவுங்க, இவுங்க என்பேன். அப்போது அவளுக்கு ஊசி போட யார், காலைத் தூக்கிப் பார்த்து ஆணி இருக்கிறதா என்று தேட யார்? அம்மா. வசந்தாமணி. அம்மா பேரு வசந்தாமணி. சொல்ல முடிகிறது. இன்னொரு தடவை சொல்கிறேன். வசந்தாமணி.

ஞாபகத்தைச் சோதித்துப் பார், வாய்விட்டுச் சோதிக்கலாம், வார்டில் செய்வது போல. இன்றைக்கு என்ன கிழமை, சனி. காலையில் என்ன சாப்பிட்டாய், கம்பு தோசை. மதியம், ரசம், பீர்க்கங்காய்ப் பொரியல். சாப்பிட்ட பிறகு உன் அம்மா கதவருகே வந்து என்ன கேட்டாள்? இல்லை. அங்கே ஒரு ஓட்டை. முந்தானையில் கை துடைத்தது தெரிகிறது, "உம்மா வேண்டாமா" தெரிகிறது, அதற்கு முன்னால் வாய் அசைகிறது, சத்தம் இல்லை, அவள் பார்க்கிற ஊமை டிவி மாதிரி. பதியவே இல்லை. ஹிப்போகாம்பஸ். வாசனைக்குப் பக்கத்து வீடு. அங்கேயும் பரவிவிட்டதா? மேஜைக்கு வந்து உட்கார்கிறேன், கருகல் இப்போது கண்ணை எரிக்கிறது, கண்ணைக்கூட எரிக்குமா அந்த நோய், கேட்டதில்லையே, சென்னியப்பன் கண் எரிகிறது என்று சொன்னதில்லையே. நின்ற இடத்திலிருந்து தொடங்கு. நான் எங்கே இருந்தேன், சிங்குலேட்டில். அம்மா நிலைப்படியில் ஒரு கையை வைத்திருந்தாள். இன்னொரு கையில் ஏதோ இருந்தது. கை துடைத்தாள் என்றால் இரண்டு கையும் அல்லவா வேண்டும், இல்லை, துடைத்துவிட்டுப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள், இரண்டாவது தடவை வந்தாள், வந்தபோது கக்கத்தில் நீலமாக ஒன்று, அதிலிருந்து ஒரு வயர் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது, வயர் ஏன் வந்தது, பீரோமேல் இருப்பது. சிங்குலேட், ஹிப்போகாம்பஸ், ஃபார்னிக்ஸ். "இடுப்புக்கு வாங்குனதைக் காலுக்குச் சுத்திக்கிட்டாத் தப்பில்லயா கண்ணு?" ஃபார்னிக்ஸ். "உம்." "உம்மா வேண்டாமா, சரியாச் சொல்லு கண்ணு." மேமிலரி. "உம், உம்." நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்கிறது, நான்தான் தள்ளியிருக்கிறேன். கரண்ட் போனபோது வாசனை போனது. கரண்ட் வந்தபோது வாசனை வந்தது. அம்மா. அம்மாவுக்குச் சூடு தெரியாது. அம்மாவுக்கு வாசனை தெரியாது. அம்மா!

கதவைத் திறக்கிறேன். போர்வையின் கால்மாட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு புகை, நூல் மாதிரி, நேராக எழுந்து விசிறிக் காற்றில் உடைந்து சுவர்ப்பக்கம், என் மேஜைக்கு மேலே திறக்கிற காற்றுத் துவாரத்துக்குப் போகிறது. நான் அதைப் பார்க்கிறேன். என் கண்ணால் பார்க்கிறேன். "அப்பாடா" என்கிறேன். நான்தான் சொன்னேன், சத்தமாக, நெஞ்சு முழுக்க காற்றை இழுத்து வெளியே விட்டு, பரீட்சையில் பாஸ் என்று யாரோ சொன்ன மாதிரி. அப்புறம்தான் சுவிட்சுக்கு ஓடுகிறேன், அப்புறம்தான் போர்வையை உருவி எறிகிறேன், பேட் இரண்டாக மடிந்து பாதங்களைச் சுற்றிக் கட்டியிருக்கிறது, அவிழக் கூடாதென்று அவள் பழைய ரிப்பனால் முடிச்சுவேறு போட்டிருக்கிறாள், மடித்த இடத்தில் நீலத்துணி கருத்து ஓட்டையாகி உள்ளே கம்பி தெரிகிறது. ரிப்பன் அவிழவில்லை, பல்லால் கடித்து இழுக்கிறேன். வலது குதிகால் வெள்ளையாக, சுற்றிலும் சிவந்து, பக்கத்தில் ஒரு கொப்புளம் முழுப் பூண்டு அளவுக்குப் பளபளவென்று. அம்மா கண் விழிக்கிறாள். தூக்கம் தெளியாத முகத்தில் நல்ல ஒரு நிம்மதி, இந்த மார்கழி முழுக்க நான் பார்க்காத நிம்மதி. "காலு இப்பத்தான் கண்ணு சில்லுங்கல" என்கிறாள். நான் அவளை அள்ளித் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோய் ஸ்டூலில் உட்காரவைத்துக் குழாயைத் திறந்து அவள் காலைப் பிடித்துக்கொள்கிறேன். எந்த நரம்பு, எந்தப் பாதை, ஒன்றும் வரவில்லை, கைதான் தானாகச் செய்கிறது. அவள் குனிந்து குதிகாலைப் பார்க்கிறாள், அடுத்த வீட்டுக்காரியின் காலைப் பார்ப்பது போல. "அட, இது எப்பக் கண்ணு ஆச்சு? எனக்கு ஒண்ணுமே தெரியலயே." தண்ணீர் ஓடுகிறது. "புண்ணு பெருசாங் கண்ணு? காலு நிக்குமா?" "நிக்கும். நிக்கும்மா. இப்பவே ஆஸ்பத்திரி போறோம்" என்கிறேன், நிற்குமா என்று எனக்குத் தெரியாது, சர்க்கரைக் காலில் ஒரு வெந்த குதிகால் என்ன ஆகும் என்பதை எத்தனை கட்டிலருகே நின்று பார்த்திருக்கிறேன். அழுகிறேன். "ஏன் சாமி அழுவற, நீ உம்முன்னு சொன்னப்பறம்தான் வெச்சேன், உன்னைக் கேக்காம வெப்பனா நான்" என்று ஈரக்கையால் என் தலையைத் தடவுகிறாள், என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள் போல என் முகத்தைப் பார்க்கிறாள். "ஏங்கண்ணு, கதவத் தொறந்ததும் அப்பாடான்னயே, என்னத்துக்கு?"